முளைக்குப் போட்ட பூச்சு

பாலிஷக்காவின் கட்டைவிரலுக்கு ரேகை கிடையாது. வங்கியில் விரல் வைக்கச் சொல்லும் சின்னப் பெட்டி அவளை ஒருமுறைகூட ஆள் என்று ஒப்புக்கொண்டதில்லை. "கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்கம்மா" என்பார் கவுண்டரில் இருப்பவர். "துடைச்சுத் துடைச்சுத்தான் சார் இப்படி ஆச்சு" என்பாள் இவள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் மரம் மட்டுமா தேயும்? கதவும் அலமாரியும் கட்டில் தலைமாட்டுமாகக் காலமெல்லாம் தேய்த்த கை. ரேகை போனதே தவிர அந்த விரல்களுக்கு வேறொன்று வந்து சேர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் அவற்றுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தடவி, எங்கே பூச்சு பிடிக்கவில்லை, எங்கே மரம் அடியில் அசைகிறது என்று சொல்லிவிடுவாள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு கோபத்தில்தான். கல்யாணமாகி வந்த புதிது. கீழே பட்டறை, மேலே வீடு. பாலிஷ் போட வந்தவன் ஒரு பீரோவைப் பாதி முடித்துவிட்டு, சாப்பிட்டு வருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். ஒரு பக்கம் ராஜாவும் மறு பக்கம் பிச்சைக்காரனுமாக நின்றது பீரோ. மறுநாள் காலையில் எடுத்துப்போக ஆள் வருகிறார்கள். அவள் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பீரோவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். எது மோசமாக இருக்கிறது என்று அவளுக்கே முடிவு தெரியவில்லை. கிடந்த துணியைச் சுருட்டி எடுத்துக் கிண்ணத்தில் நனைத்தாள். அன்று எடுத்த துணியைப் பிறகு கீழே வைக்கவேயில்லை.

வீட்டுக்காரரைத் தெருவில் தச்சர் என்பார்கள். பேச்சு அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கை மட்டும் சும்மா இருக்காது. அவருக்கு உலகத்தில் ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதற்கொரு மரமுளை இருக்கும். குழாய் ஒழுகினால் முளை. எலி வரும் பொந்துக்கு முளை. கெட்டில் மூடியின் குமிழ் உடைந்தால், வானொலியின் திருகு தொலைந்தால், மாடிப்படியின் கைப்பிடி ஆடினால், கடைசல் மெஷினில் அளவெடுத்த மாதிரி ஒன்றைக் கடைந்துகொண்டு வந்து அடிப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். மறுநாள் பார்த்தால் ஆட்டம் நின்றிருக்கும். அடித்த முளைக்கெல்லாம் பூச்சுப் போடுவது அவள் வேலை. பச்சை மரத்தை அம்மணமாக விட அவளுக்கு மனசு வராது. "மாமா எதிர்ல வாயைத் திறந்துட்டுத் தூங்காதீங்க, அளவெடுத்து அடிச்சிடுவாரு" என்று மருமகன் ஒருமுறை சொன்னபோது தச்சரே சிரித்துவிட்டார்.

பட்டறை, ரயில் பெட்டியைப் போல நீண்டு ஒடுங்கிய இடம். தெருவாசலை ஒட்டி அறுக்கிற மெஷினும் இழைக்கிற மெஷினும். நடுவில் மேலே வீட்டுக்குப் போகும் மரப்படி. தச்சர் கையால் செய்தது. பின்கதவைத் திறந்தால் சின்ன முற்றம். அங்கேதான் அவள் பூச்சு வேலை. காலை முழுக்க அறுப்பதும் இழைப்பதுமாக எழும்பும் தூசி, மத்தியானம் அவள் ஈரப் பூச்சின்மேல் வந்து உட்காரும். உட்கார்ந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தச்சருக்குக் காலை இருமல் வேறு. குளிக்கப் போய் அவர் இருமுகிற சத்தத்தை வைத்தே அவள் அடுப்பில் தண்ணீர் வைப்பாள்.

மெஷின் வாங்குவது என்று முடிவானபோது, எந்த மெஷின் என்பதில்தான் பேச்சு நீண்டது. தூசி இழுக்கிற மெஷினா, காற்று அடைக்கிற கம்ப்ரஸரா. இரண்டுக்கும் இடமில்லை. படிக்கு அடியில் இருந்த பொந்துதான் காலி. அதில் ஒன்றுதான் உட்காரும்.

"தூசியை இழுத்தா இருமல் போகும்ங்கறாங்க" என்றார் தச்சர். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

"இருமல் போகும், வேலையும் போகும்" என்றாள் அவள். "இப்ப யாருங்க துணியால பூசினதை வாங்கறாங்க? கண்ணாடி மாதிரி வேணும்ங்கறாங்க. எல்லாம் ஸ்ப்ரே கன்னுல அடிக்கறது. என் தோளைப் பாருங்க, கை மேல போகமாட்டேங்குது. காத்து இருந்தா ஒரு நாள்ல அடிச்சுத் தள்ளிடுவேன்."

பக்கத்துச் சந்தில் பஞ்சர் ஒட்டும் டயர்க்காரனிடமும் கேட்டாள். காற்றோடேயே குடித்தனம் நடத்துகிறவன். அவளைவிடச் சின்னவன், எதையும் சிரிக்காமல் சொல்லமாட்டான்.

"அக்கா, முதல்ல தூசியைக் கட்டுங்க. அப்புறம் காத்தை வாங்குங்க" என்றான். "தூசி குடிச்ச கம்ப்ரஸர் குடிகாரன் மாதிரி. எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது."

"உன் கடையில தூசி இல்லையா தம்பி?"

"என்னோடது ரோட்டுத் தூசி அக்கா, முரட்டுத் தூசி, கீழ விழுந்துடும். உங்களோடது மாவுத் தூசி. சந்துபொந்தெல்லாம் புகுந்து சம்பந்தம் பண்ணிடும்."

அவளும் சிரித்தாள். ஆனால் தோள் வலித்தது. காற்றுக்கே முடிவு செய்தாள்.

பழைய மெஷின் விற்கிற முற்றத்தில் கம்ப்ரஸர்கள் புதுப் பெயின்ட்டில் வரிசையாக நின்றன. வியாபாரி ஒன்றின் வயிற்றில் தட்டினார். "பெரிய டேங்க்கும்மா. பெரிசா இருந்தா மோட்டார் சும்மா சும்மா ஓடாது. ரொம்பினதும் டக்குனு தானே நின்னுக்கும். குழந்தை மாதிரி." தச்சர் பெல்ட்டைப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அவள் தன் வழக்கப்படி டேங்கைத் தடவினாள். மேலெல்லாம் வழவழ. அடிவயிற்றில் பெயின்ட்டுக்குக் கீழே சொரசொரவென்று, அம்மைத் தழும்பு மாதிரி ஏதோ விரலில் பட்டது. அப்பிய பூச்சு எதையோ மறைக்கத்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவளே எத்தனை கதவுகளில் அப்படிச் செய்திருக்கிறாள். கையை எடுத்துக்கொண்டாள். "இதையே போடுங்க" என்றாள்.

டயர்க்காரன்தான் வந்து பொருத்திக் கொடுத்தான். படிக்கு அடியில் தள்ளி, குழாய் இழுத்து, ஓடவிட்டுக் காட்டினான். முள் ஏறியது, சிவப்புக் கோட்டுக்கு முன்னால் டக்கென்று மோட்டார் நின்றது.

"அந்த டக்குதான் அக்கா முக்கியம். கீழ இருக்கிற குழாயைத் தினம் திறந்து தண்ணியை விடுங்க, இல்லேன்னா உள்ளேயே துருப்பிடிக்கும். அப்புறம், மேல வளையம் வச்ச பித்தளை இருக்கு பாருங்க, அதைத் தொடாதீங்க. அது வீட்டு நாய் மாதிரி. மோட்டார் நிக்காம காத்து ஏறிப்போச்சுன்னா அதுதான் குரைக்கும், காத்தை வெளிய விடும். குரைச்சா ஏன் குரைக்குதுன்னு பாருங்க. நாயை அடிச்சுடாதீங்க."

தச்சர் அப்போது முன்னால் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் இது அவர் காதில் விழவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் என்பது வீட்டு வேலையில் எங்கே வருகிறது?

ஆனால் காற்று வந்தது அவளுக்கு ஒரு வாழ்வுதான். துணியால் மூன்று நாள் இழுத்ததை மத்தியானத்துக்குள் அடித்து முடித்தாள். தோள் இறங்கியது. அதோடு நிற்கவில்லை. காற்றுக்குழாய் கையில் இருந்தால் துடைப்பம் யாருக்கு வேண்டும்? சாயங்காலம் மெஷின்மேல், பலகைமேல், தச்சர் சட்டைமேல் எல்லாம் புஸ் என்று ஊதித் தள்ளினாள். இழைத்த மாவு மேகமாக எழுந்து விட்டத்திலும் படிக்கடியிலும் போய் உட்கார்ந்தது. தரை சுத்தமாக இருந்தது. "பாத்தீங்களா, தூசி மெஷினே வேண்டாம்" என்றாள். படிக்கடியில் கம்ப்ரஸர் தன் வாயால் அந்த மாவையே உறிஞ்சிக்கொண்டு ஓடியது.

மகள் குழந்தையோடு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. மருமகனுக்கு வெளியூரில் வேலை. கைக்குழந்தையோடு தனியாக எப்படி இருப்பாள்? தச்சர் தொட்டில் செய்தார். மாடி விட்டத்தில் முன்பு கொக்கி இருந்த துளை தளர்ந்து பெரிதாகியிருந்தது. அதில் ஒரு முளையை அடித்து, முளைக்குள் கொக்கியைத் திருகி, தொங்கிப் பார்த்தார். இவள் ஏணியில் ஏறி அதற்கும் பூச்சுப் போட்டாள். பேத்தி தொட்டிலில் படுத்த அன்று தச்சர் வெகுநேரம் ஆட்டிக்கொண்டே நின்றார். "மெஷினை ஆஃப் பண்ணுடி, ராத்திரி பூரா ஓடிடப் போகுது" என்று அவரைக் காட்டி மகளிடம் சொன்னாள்.

பித்தளை குரைக்க ஆரம்பித்தது சில வாரம் கழித்து. மோட்டார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றது. அந்தக் கொஞ்சத்துக்குள் பித்தளை வாயைத் திறந்து ஸ்ஸ்ஸ் என்று சீறியது. மேலே தொட்டிலுக்கு நேர் கீழே கேட்பது போல இருக்கும். குழந்தை கைகால் விறைத்து வீறிடும்.

"அம்மா, இந்த மெஷினா இவளா, ரெண்டுல ஒண்ணுதான் இந்த வீட்டுல இருக்க முடியும்" என்றாள் மகள், படியின் மேல் நின்றுகொண்டு. தூக்கமில்லாத முகம். விளையாட்டாகத்தான் சொன்னாள். இவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. "வாயைக் கழுவுடி" என்றாள்.

டயர்க்காரன் கடை பூட்டியிருந்தது. கூடப்பிறந்த அக்கா வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையென்று ஊருக்குப் போயிருந்தான். "அவன் வரட்டுங்க, காட்டலாம்" என்றாள் புருஷனிடம். தச்சர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் கேட்டார் என்றுதான் அர்த்தம். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. இத்தனை வருஷமாகியும் அவளுக்கு அது மறந்துவிடும்.

மறுநாள் சீறல் இல்லை. குழந்தை தூங்கியது. மகளும் தூங்கினாள். மத்தியானம் கம்ப்ரஸர் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். பித்தளை இருந்த இடத்தில் ஒரு முளை. இறுகிய கருமரத்தில் மரை வெட்டி, பசை தடவித் திருகி இறக்கி, தலையைச் சின்னக் காளான் மாதிரி உருட்டியிருந்தார்.

"என்னங்க இது?"

"ஒழுகிச்சு. அடைச்சுட்டேன்."

"அதைத் தொடாதீங்கன்னு அந்தத் தம்பி சொன்னானே."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே." கொஞ்சம் யோசித்தார். "அதை ஒண்ணும் பண்ணலை. கழட்டி ஆணி டப்பாவுல போட்டிருக்கேன். பழைய பித்தளை, வாய் தேய்ஞ்சு போச்சு. ஒழுகறதை அடைச்சா என்ன தப்பு?"

நாயை அடிக்காதீங்க என்றது அவள் காதில் ஒருமுறை ஓடியது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். மேலே வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. தொட்டில் கயிறு மட்டும் கிர் கிர் என்றது. டயர்க்காரன் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம். நாலு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

முளையைத் தடவிப் பார்த்தாள். மரை தெரியாமல் டேங்க்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. கையில் சீலர் பூச்சுக் கிண்ணம் இருந்தது. ஒரு பூச்சு இழுத்தாள். காய்ந்ததும், கிண்ணத்தில் மிச்சம் இருந்ததே என்று இன்னொரு பூச்சு. டேங்க்குக்கும் முளைக்கும் நடுவில் இருந்த கோடு மறைந்து, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போல ஆனது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் குறைந்தது. குறைந்தது என்பதையே அவள் நாள் போகப் போகத்தான் கவனித்தாள். சீறல் இல்லை, சரி. டக் என்ற சத்தமும் அபூர்வமாகிவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பாரம் இழுக்கிற மாடு மாதிரி குரல் கம்மிப்போயிருந்தது. வெறுங்காலோடு மாடிக்கு ஏறும்போது நடுவில் ஒரு படி சூடாக இருந்தது. காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி போல இருந்தது. மகளுக்கு அந்தச் சூடு பிடித்துப்போயிற்று. குழந்தைத் துணிகளைத் துவைத்துக் கொண்டுவந்து அந்தப் படிமேலும் கைப்பிடிமேலும் வரிசையாக விரித்தாள். "அம்மா, அரை மணியில காஞ்சிடுது. உன் மெஷினைத் திட்டினதை வாபஸ் வாங்கிக்கறேன்."

முள்ளிருந்த கண்ணாடி மாவு அப்பி வெள்ளையாக இருந்தது. கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டுக்கு அந்தப்பக்கம் சாய்ந்து நின்றது.

"இங்க பாருங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு."

தச்சர் எட்டிப் பார்த்தார். "ஜாம் ஆயிருக்கும். தூசி."

அவளும் அதையே நம்ப விரும்பினாள். அன்றிலிருந்து கீழ்க்குழாயைத் திறந்து தண்ணீர் விடுவதற்குக்கூட அந்தப் பொந்துக்குள் குனிய அவளுக்கு என்னவோ போல இருந்தது. விட்டுவிட்டாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவுமில்லை.

அன்று தச்சர் இரண்டு கதவுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கொடுக்கப் போயிருந்தார். மகள் மேலே குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தாள். இவள் முற்றத்தில் அலமாரிக் கதவுகளுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். கன் அன்று அடங்காமல் துப்பியது. பூச்சு பனியாக விழாமல் துளித்துளியாக அறைந்தது. எச்சில் தெறிக்கப் பேசுகிறவன் மாதிரி என்று நினைத்துக்கொண்டு, திருகைக் குறைத்துக் குறைத்து எப்படியோ முடித்தாள். கன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மோட்டார் நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

நிற்கவில்லை.

கை கழுவினாள். மோட்டார் ஓடியது. தின்னர் டப்பாவை மூடினாள். ஓடியது. குழாயைக் காலால் தள்ளினாள். வளையாமல் கழி மாதிரி விறைத்துப் புரண்டது.

உள்ளே போய்க் குனிந்து பார்த்தாள். முதலில் அவள் கண் போனது முள்ளுக்கு அல்ல, முளைக்கு. அவள் போட்ட பூச்சில், முளை டேங்க்கில் இறங்கும் இடத்தில், வட்டமாக ஒரு மயிரிழை. அந்த இழையின் ஓரத்தில் பூச்சு கொப்பளித்து ஒரு சின்னக் குமிழ் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழ் பெரிதாகி, உடைந்து, பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது.

மோட்டாரைப் பற்றி அவளுக்குத் தெரியாது. பூச்சைப் பற்றித் தெரியும். காய்ந்த பூச்சு சும்மா வெடிக்காது. அடியில் மரம் நகர்ந்தால்தான் வெடிக்கும். முளை மேலே வந்துகொண்டிருந்தது.

அதற்கு நேர் மேலே படி. படியில் குழந்தையின் துணிகள்.

பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. ஆப்பசைத்த குரங்கின் கதை யாருக்குத் தெரியாது? கையை இழுத்துக்கொண்டாள். சுவிட்ச் டேங்க்குக்குப் பின்னால், சுவரில் இருந்தது. அதைத் தொட வேண்டுமானால் முளைக்கு மேலே நெஞ்சை வைத்துக் குனிய வேண்டும். ஓடவும் பயம், நடக்கவும் பயம். அதிர்ந்தால் என்ன ஆகுமோ. பாதத்தை ஊன்றி ஊன்றித் தெருவாசல் வரை போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள்.

மோட்டார் அடங்கியது. அப்போதுதான் அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டது. ச்சு... ச்சு... யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவது போல. மோட்டார் நின்றால் என்ன, வயிறு நிறைந்துதானே இருக்கிறது?

மேலே மின்விசிறி நின்றதும் மகளுக்கு விழிப்பு வந்துவிட்டது. "அம்மா, கரண்டு போயிடுச்சா? இவ வேர்த்துக் கொட்டறா. கீழ தூக்கிட்டு வரேன்."

"வராதே!"

"என்னம்மா?"

"படியில கால் வைக்காதே. அங்கயே இரு. மூலையில போய் உக்காரு."

"பாம்பு கீம்பு ஏதாவது..."

"ஆமாடி, பாம்புதான். உள்ள போ! குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போ!"

அதட்டலில் குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது. காலடி உள்ளே போவதைக் கேட்டாள். இனி காற்று வெளியே போக வேண்டும். கீழ்க்குழாய் நினைவுக்கு வந்தது. அதற்கு டேங்க்கை அணைத்துக்கொண்டு தரையில் படுக்க வேண்டும், திறக்காமல் விட்டது இத்தனை நாளில் துருவேறி இறுகியிருக்கும். வேறு வழி முற்றத்தில்தான் இருந்தது. முற்றத்துக்குப் போக அந்தப் படியைக் கடக்க வேண்டும்.

சுவரோடு ஒட்டிக்கொண்டு கடந்தாள். கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ச்சு, ச்சு என்பது காதோடு வந்து, முதுகுக்குப் போனது.

கன்னிலிருந்து கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு விசையை அழுத்தினாள். வெறும் காற்று ஓலமிட்டுக்கொண்டு வந்தது. ஆகாயத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது; விரலை எடுக்காமல் நிற்க வேண்டும். அவள் பழைய தோள் எரிந்தது. மேலே பேத்தி அழுதாள். உள்ளேயிருந்து எந்தக் கணத்திலும் ஒரு சத்தம் வரும் என்று முதுகுத்தண்டு முழுக்கக் காதாக நின்றாள். ஓலம் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. கிழவன் மூச்சு மாதிரி ஆகி, அதுவும் தேய்ந்துகொண்டிருந்தபோது பின்கதவில் தச்சர் நின்றார்.

ஈரக் கதவுகளை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து கன்னைப் பிடித்திருக்கும் மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்ன, காத்துக்கு பாலிஷ் போடறியா?"

வருஷத்துக்கு ஒரு தமாஷ் பண்ணுகிற மனுஷன். அதை இன்றைக்குப் பண்ணினார். அவள் விரலை எடுக்கவில்லை. கன்னில் கடைசி மூச்சும் போன பிறகு, அந்த விரலை மற்றக் கையால் பிரித்து எடுத்துவிட்டு, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். முள் அடிமட்டத்தில் கிடந்தது. அது ஜாம் ஆகவில்லை, ஒருநாளும் ஆகவில்லை.

"எடுங்க" என்றாள்.

தச்சர் திருகுவதற்காக முளையின் தலையைப் பிடித்தார். திருக வேண்டியிருக்கவில்லை. பழத்திலிருந்து காம்பு வருவது போல இரண்டு விரலில் வந்துவிட்டது. அவர் வெட்டிய மரையெல்லாம் சூட்டில் கருகி மாவாக உதிர்ந்தது. கழுத்தைச் சுற்றி, பாதி கிழிந்த தோல் மாதிரி, அவள் போட்ட சீலர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தச்சர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். முளையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே கடைஞ்சேன்" என்றார்.

"நல்லாத்தான் கடைஞ்சீங்க."

ஏசலாம் என்றுதான் இருந்தது அவளுக்கு. ஆனால் கேட்டவள் சொல்லவில்லை, அடைத்தவர் கேட்கவில்லை, அழகு பார்த்து மூடியதும் அவள் கைதான். யாரை முதலில் ஏசுவது?

ஊரிலிருந்து திரும்பிய டயர்க்காரன் சாயங்காலம் வந்தான். மோட்டாரை நிறுத்துகிற சின்னப் பெட்டியைத் திறந்தான். உள்ளே முகப்பவுடர் மாதிரி மாவு. அதன் நடுவில் விலக வேண்டிய இரண்டு தகடுகள் கருகி ஒட்டிக்கொண்டிருந்தன. முளையைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். அவன் சிரிக்காமல் இருந்து அவள் அதுவரை பார்த்ததில்லை.

"நல்ல முளையா இருந்திருந்தா டேங்க்கே வெடிச்சிருக்கும் அக்கா" என்றான். "மோசமான முளையா இருந்திருந்தா..." படியைப் பார்த்தான். காய்ந்துபோன குழந்தைத் துணிகள் இன்னும் அங்கேயே இருந்தன. முளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "இந்த டேங்க் வேண்டாம். இவ்வளவு ஏத்தின வயிறு. இனி அதை நம்பமுடியாது."

ஆணி டப்பாவிலிருந்து பித்தளையை எடுத்துவந்து தச்சர் அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்கி, வளையத்தை இழுத்துவிட்டுப் பார்த்தான். சுகமாக அசைந்தது. "இதுக்கு ஒண்ணும் இல்லை. இது நல்லாத்தான் இருந்திருக்கு."

மூன்று பேருமாகக் கம்ப்ரஸரைப் படிக்கடியிலிருந்து இழுத்து வெளியே தள்ளினார்கள். பொந்து காலியானது. "தூசி மெஷின்தான் இங்க" என்றாள் அவள். "காத்து வேணும்னா அப்புறம் முற்றத்துல வச்சுக்கலாம். அதுவரைக்கும் துணி போதும்." தச்சர் தலையை ஆட்டினார். "வாயால சொல்லுங்க" என்றாள். "சரி" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாடி ஏறினாள். நடுப்படி ஆறியிருந்தது. கைப்பிடியில் கை வைத்தபோது விரலில் ஒரு முளை தட்டியது. தன்னையறியாமல் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்ததையும் அழுத்தினாள். எத்தனை முளை இந்த வீட்டில்? இவ்வளவு நாள் அவற்றை அவள் ஆட்டம் நின்ற இடங்களாகத்தான் பார்த்திருந்தாள்.

மகள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் சமையலறையில் இருந்தாள். தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. கிர், கிர். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். விட்டத்தில் கொக்கி இறங்கும் இடத்தில், வட்டமாக, மரத்தோடு மரமாக, கோடு தெரியாமல் மறைந்திருந்தது முளை. அந்தப் பூச்சும் அவள் போட்டதுதான். அன்று நன்றாக வந்திருக்கிறது என்று பெருமைகூடப் பட்டாள்.

ரேகையில்லாத விரலை அதன்மேல் வைத்து ஒரு சுற்று வந்தாள். வழவழவென்று இருந்தது. பாதிச் சுற்றில் ஏதோ ஒன்று தட்டியது போலிருந்தது. மயிரோ, தூசியோ, இழையோ. மறுபடி வந்தாள். இருக்கிறது என்றால் இருந்தது, இல்லை என்றால் இல்லை. அத்தனை பலகையைத் தடவிய கைக்கு இதை மட்டும் சொல்லத் தெரியவில்லை. விசையை அழுத்திப் பிடித்த மரப்பு இன்னும் விரலைவிட்டுப் போகவில்லை.

இறங்கினாள். தரையில் துணியை விரித்தாள். குழந்தையை இரு கையாலும் அள்ளி எடுத்துக் கீழே படுக்கவைத்தாள்.

"ஏம்மா, தூங்கிட்டிருந்தவளை ஏன் எடுத்தே?" என்று மகள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"கீழயே தூங்கட்டும்" என்றாள். "உங்க அப்பாவைக் கூப்பிடு. ஏணியை எடுத்துட்டு வரச் சொல்லு."

பாரம் இறங்கிய தொட்டில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவள் கண் விட்டத்தைவிட்டு அகலவில்லை.